காரணம் என்னும் நிரல்

போன வருசம் தந்தவர்கள்,
இந்த வருசம் தராதவர்கள்:
அறுபத்தொரு பேர்.
காகிதாதிக் களஞ்சியத்துக்கும் கழிவறைக்கும் நடுவே
வளாகம் எனக்குத் தந்த அறையில்
மின்விசிறி ஒரு பக்கம் மட்டுமே திரும்பும்.
அது திரும்பாத பக்கம் என் மேசை.

உப்புவெளி ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி.
கொழும்பிலிருந்து வந்தவர்
திரையில் ஒரு கூம்பு போட்டார்.
கொடுப்பவர்கள் குறைகிறார்கள்,
கொடுக்கும் தொகை பெருக்கிறது,
ஆகவே உச்சியைப் பிடியுங்கள்.
கண்ணாடிக்கு வெளியே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
முப்பது பேராவது இருக்கும்.
உச்சி யாரென்று தெரியவில்லை.
குடையோடு நின்ற சம்மாட்டியாக இருக்கலாம்.
மடியில் என்ன விழுந்ததென்று பார்க்குமுன்
தேநீர் நேரம் முடிந்துவிட்டது.

உச்சியையும் பிடித்தேன்.
ஸ்காபரோவில் பொறியியலாளர் நிர்மலேந்திரன்,
ஆய்வுகூடத்துக்கு நாற்பது இலட்சம்.
பெயர் கருங்கல்லில், எழுத்துக்கு ஏழு அங்குலம்.
மாதிரியை மூன்று முறை அனுப்பினேன்.
கடைசி ‘ன்’னில் புள்ளி சிறிதாம்.
பெருப்பித்தோம்.
கெட்ட மனிதரில்லை.
எண்பத்தேழில் போனவர்.
அவர் பெயர் எழுதிய எதுவும்
இந்த ஊரில் மிச்சமில்லை என்று
ஒருமுறை, வேறெதையோ பேசும்போது சொன்னார்.

பட்டியலில் முப்பத்தெட்டாவது:
மாதம் ஐந்நூறு ரூபா, பதினொரு மாதம்,
பிறகு ஒன்றுமில்லை.
பாலையூற்று முகவரி.

“ஹலோ, மிஸ்டர் அவுட்ஸ்கூல்?”
தாளில் அப்படித்தான் இருந்தது.
அந்தப் பக்கம் வந்தது சிரிப்பா இருமலா,
பிரிக்கத் தெரியவில்லை.

“பிள்ள, என்ட பேர் ஔட்ஸ்கூன்.
ஒஸ்மண்ட் ஔட்ஸ்கூன்.
பதினொரு ரசீது வந்தது,
பதினொண்டிலயும் அவுட்ஸ்கூல்.
எட்டாம் வகுப்போட வெளியில வந்தவன்தான்,
இல்லையெண்டு சொல்லேல்ல.
அதுக்காகக் கெம்பஸ்காரர்
மாசாமாசம் எழுதியா அனுப்புறது?
பத்தோட நிப்பாட்ட நினைச்சன்.
சரி, இன்னொண்டு பாப்பம் எண்டு அனுப்பினன்.”

ஏன் தந்தீர்கள் என்று கேட்டேன்.
“உங்கட தண்ணித்தாங்கிக்கு
நாலு காலும் ஒட்டினது நான்.
காத்தடிச்சா எழும்பி இருந்து யோசிப்பன்.”

கணினியில் அவர் பெயரைத் திருத்தினேன்.
அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.
அகராதியில் சேர்க்கவா என்று கேட்டது.
சேர் என்றேன்.

பதினொரு ரசீதையும் புதிதாய் அச்சடித்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.
நகரசபைக்கு முன்னால் மான்கள் வீதியில் படுத்திருக்க
சாரதி ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

ஔட்ஸ்கூன் கண்ணாடியைத் தேடிப் போட்டார்.
ஒவ்வொன்றாய், உதடு அசைய,
பதினொன்றையும் வாசித்தார்.
பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார்.
தேநீர் தந்தார், சீனி கூட.
மூன்றாம் நிமிடத்தில் கேட்கவேண்டும் என்பது பயிற்சி.
நாற்பது நிமிடம் இருந்தேன்.
கேட்கவில்லை. அவரும் தரவில்லை.
தாங்கியின் தெற்குக் காலில் துரு இருக்கிறதா
பார்த்துச் சொல்லச் சொன்னார்.

இருந்தது.

விரிதாளில் கடைசி நிரல்: நிறுத்திய காரணம்.
நான்கே தெரிவுகள்.
மரணம். பணமுடை. முகவரி மாற்றம். வேறு.
மூன்றாவது முதலில் இடப்பெயர்வு என்றிருந்தது.
இந்த ஊரில் அந்தச் சொல் அவ்வளவு இலேசில்லை என்று
மாற்றச் சொன்னவள் நான்தான்.

‘வேறு’ என்பதைத் தொட்டேன்.
விவரம் கேட்டது.
நாங்கள், என்று எழுதினேன்.

இன்னும் இருபத்துமூன்று பேர்.
முப்பத்தொன்பதாவது மூதூரில்,
பெயர் ஹுசைமத்தா, ஹுஸைமத்தா,
இரண்டு விதமாகவும் இருக்கிறது.
மணி போய்க்கொண்டிருக்கிறது.
முதலில் அதைத்தான் கேட்கவேண்டும்.